குரல் நடுங்கிய டொக்டர்

நான் அவிழ்த்துவிட்ட பொய்யை நானே கேட்டு, நானே நம்பி, நானே பயந்தவன் நான். இப்படி ஒரு முட்டாளை லண்டனில் தேடிப் பிடிக்க வேண்டுமென்றால் மேற்கே ஹவுன்ஸ்லோவுக்கு வாருங்கள். அதிகம் அலையத் தேவையில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள் வட்சப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பினார். ‘கட்டாயம் கேளுங்கோ, அழிக்க முதல் பத்துப் பேருக்கு அனுப்புங்கோ’ என்று மேலே எழுதியிருந்தது. கேட்டேன். யாரோ ஒரு டொக்டர் பேசினார். பெயர் சொல்ல முடியாத நிலையில் இருக்கிறாராம். நீரிழிவு உள்ளவர்களைக் கூப்பிட்டுக் கண்ணைப் படம் எடுக்கிறார்களே, அந்தப் படம் ஆஸ்பத்திரியோடு நின்றுவிடுவதில்லையாம். உலகத்தில் உள்ள எல்லா விமான நிலையங்களுக்கும் போகிறதாம். நாளைக்கு ஊரில் போய் இறங்கினால், பாஸ்போட்டை நீட்ட முதலே உங்கள் கண் உங்களைக் காட்டிக் கொடுத்துவிடுமாம்.

டொக்டரின் குரல் லேசாக நடுங்கியது. பாவம், எவ்வளவு ஆபத்தில் இருந்துகொண்டு நமக்காகச் சொல்கிறார் என்று எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. மனைவியைக் கூப்பிட்டு இதைக் கேளும் என்றேன். அவள் கையில் ஒட்டிய புட்டுமாவோடு வந்து நின்றாள். பாதி கேட்டதும் சொன்னாள்:

“இது நீங்களெல்லோ?”

ஓம். நான்தான். ஐந்து மாதத்துக்கு முன்னர், வேலைத்தலத்தில் உடுப்பு மாற்றும் அறையில், போனின் வாயில் ஒரு துவாயைச் சுற்றிக்கொண்டு நான் பகிடிக்குப் பேசியது. எத்தனையோ போன்களுக்குள் புகுந்து புறப்பட்டதில் குரல் கரகரத்துப் போயிருந்தது. ஆனாலும் சொந்தக் குரல். இதைவிட வெட்கக்கேடு அடுத்ததாக வந்தது. மனைவி தலையில் அடித்துக்கொண்டு குசினிக்குப் போன பிறகு நான் ஒரு நிமிடம் அப்படியே இருந்து யோசித்தேன். நான் விளையாட்டாகச் சொன்னது ஒருவேளை உண்மையாகவே இருந்துவிட்டால்?

முட்டாள்தனம் இத்தோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம், இதை எழுதவும் வேண்டியிருக்காது. அந்தக் குரலை இன்னொருவரும் கேட்டார். அவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

விமானத்தில் பணிப்பெண் சிரித்துக்கொண்டு உங்கள் முன்னால் ஒரு சாப்பாட்டுத் தட்டை வைப்பாரல்லவா, அந்தத் தட்டுகளை அடுக்கும் கிச்சனில் நாங்கள் இரண்டு பேரும் வேலை செய்தோம். நீளமான பட்டி ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு பக்கமும் ஆட்கள். ஒருவர் பன் வைப்பார், ஒருவர் பட்டர் வைப்பார், ஒருவர் கரண்டி வைப்பார். நான் பட்டர். ஒன்பது வருடம் பட்டர் வைத்தேன். அதில் எனக்குப் பெரிய முன்னேற்றம் ஒன்றும் ஏற்பட்டதாகச் சொல்ல முடியாது. பட்டியின் கடைசியில் நின்று தட்டுகளைச் சரிபார்ப்பவர் அவர். முட்கரண்டி தலைமாறிக் கிடந்தால் பத்தடி தூரத்திலேயே கண்டுவிடுவார். ‘பட்டர்’ என்று மட்டும் சொல்வார். ஏதோ ஒரு தட்டில் நான் வைக்க மறந்திருப்பேன்.

எல்லோருக்கும் அவர் அண்ணை. ஊரில் நில அளவைக் கந்தோரில் வரைபடம் கீறியவர். மயிரளவுக் கோட்டை மயிரளவாகவே கீறிய கண் அது. சாப்பாட்டு வேலையில் தாடி உள்ளவர்கள் தாடிக்கும் ஒரு வலை போடவேண்டும். ஆறேழு வருடம் அவர் அந்த வலையோடு நின்றார். சவரம் செய்துவிட்டு வந்தால் வலை தேவையில்லை என்று எல்லோரும் சொல்லிப் பார்த்தோம். கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டிக்கொண்டு வருவாரே தவிர, பிளேட்டைத் தொடமாட்டார். ஒருமுறை நான், பிளேட் கொம்பனிக்குப் பின்னாலும் யாராவது நிற்கிறார்களோ என்று கேட்டேன். என்னுடைய எவ்வளவு மோசமான பகிடிக்கும் சிரிக்கிறவர், அன்று சிரிக்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

‘பின்னால்’ என்ற சொல் அவருடையது. எது நடந்தாலும் அதற்குப் பின்னால் யாரோ நிற்கவேண்டும். கவுன்சில் ஒரே தெருவை மூன்றுமுறை கிண்டினால், பின்னால் ஆள். பஸ் வழியை மாற்றினால், பின்னால் ஆள். ஒருநாள் தேநீர் இடைவேளையில் நெருப்பு மணி அடித்து எங்கள் எல்லோரையும் வெளியே மழையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். எங்கள் சுப்பர்வைசர் சென்னைக்காரர், நல்ல பொறுமைசாலி. அவர் வந்து விளக்கம் சொன்னார்.

“டோஸ்ட் கருகிடுச்சு சார். அவ்வளவுதான். வேற ஒண்ணுமில்ல.”

“டோஸ்டைக் கருக விட்டது ஆர்?” என்றார் அண்ணை.

“யாரும் விடல சார். சும்மா கருகிடுச்சு.”

“சும்மா எண்டு உலகத்தில ஒண்டும் நடக்காது. தம்பி நல்ல பிள்ளை, உமக்குத் தெரியாது.”

சுப்பர்வைசர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

தட்டில் விரிக்கும் வெள்ளைத் தாளின் பின்பக்கத்தில் அவர் பென்சிலால் படம் கீறுவார். நடுவில் ஒரு வட்டம், சுற்றி வட்டங்கள், இடையில் கோடுகள். பன் ஏன் சிறிதாகியது என்பதற்கு ஒரு படம். தமிழ்க் கடையில் முருங்கைக்காய் வராத கிழமைக்கு ஒரு படம். அளவுகோல் இல்லாமலே கோடு நேராக இருக்கும். எழுத்து அச்செழுத்து மாதிரி. நாங்கள் சுற்றி நின்று பார்ப்போம். சிரிப்பதற்காகத்தான் பார்க்கத் தொடங்குவோம். கடைசிக் கோட்டைக் கீறி அவர் பென்சிலைக் காதில் செருகும்போது, சேச்சே, அப்படியும் இருக்குமோ என்று ஒரு மூலையில் அரிக்கும். அவ்வளவு அழகாகக் கீறிய ஒன்று பிழையாக இருக்குமென்று நம்ப மனம் வராது.

இடையிடையே அவர் சொன்னது சரியாகியும் தொலைத்தது. ஒருநாள் கோட் போட்ட இரண்டு பேர் வந்து கன்ரீனை நாடா பிடித்து அளந்தார்கள். ஏதோ பெயின்ட் அடிக்கப் போகிறார்கள் என்றோம் நாங்கள். அளக்க வந்தவன் சும்மா அளக்கமாட்டான், நான் அளந்தவன், எனக்குத் தெரியும் என்றார் அவர். இரண்டு மாதத்தில் கன்ரீனின் பாதியைச் சுவர் வைத்து மறித்துக் களஞ்சியமாக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவரை யார் நிறுத்துவது?

நான் இவரைப் பார்த்துச் சிரித்தேனே, நான் மட்டும் பெரிய திறமோ? ஹவுன்ஸ்லோவில் ஒரு பஸ் சாரதி என்னைக் கண்டதும்தான் கதவை மூடுகிறான் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். அந்த மனிதனுக்கு ஒரு நாளைக்கு எத்தனை பேர், எத்தனை கதவு, என்னை அவன் ஏன் ஞாபகம் வைத்திருக்கவேண்டும்? ஆனால் அவன் என்னைக் கவனிக்கவே இல்லை என்று நினைப்பதைவிட, என்மேல் ஒரு கோபம் வைத்திருக்கிறான் என்று நினைப்பது எனக்கு ஏதோ மரியாதையாக இருக்கிறது.

அவரைப் பைத்தியம் என்று யாராவது நினைத்தால் அது என் எழுத்தின் பிழை. கிச்சனில் யாருக்கு அரசாங்கக் கடிதம் வந்தாலும் முதலில் அவரிடம்தான் கொண்டு ஓடுவோம். ஜன்னலோரம் போய் நின்று, தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். முதலில் பின்பக்கம். பிறகு அடியில் இருக்கும் பொடி எழுத்து. கடைசியில்தான் ‘அன்புடையீர்’. என் விசாக் கடிதத்தில் பிறந்த மாதம் மாறி விழுந்திருந்ததைக் கண்டுபிடித்தவர் அவர். நானும் பார்த்தேன், என் மனைவியும் பார்த்தாள், வக்கீலும் பார்த்தார். அவருடைய கண்ணில்தான் பட்டது. அன்றைக்கு அது தப்பியிருந்தால் நான் எங்கே இருந்திருப்பேனோ தெரியாது. லண்டனில் பட்டர் வைத்திருக்கமாட்டேன்.

அவருக்கு டயபிடிஸ் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முதல் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, அதைச் சின்னக் கொப்பியில் அழகாக எழுதுவார். ஒருநாள் அவருக்கே ஒரு கடிதம் வந்தது. கண்ணின் பின்பக்கத்தைப் படம் எடுக்க வரச்சொல்லி. டயபிடிஸ் உள்ள எல்லோருக்கும் வருவது. கண்ணுக்குத் துளிமருந்து விட்டு, படம் எடுத்து, பழுது தொடங்கியிருந்தால் முன்கூட்டியே பிடித்துவிடுவார்கள். அவர் வழக்கம்போல வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பினார். கண்ணைப் பார்க்கட்டும், அதை ஏன் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருக்கவில்லை என்பதைத்தான் நான் அன்று பெரிய வாய்ப்பாக எடுத்துக்கொண்டேன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு வித்தை உண்டு: மற்றவர்களின் குரலில் பேசுவேன். அன்று இடைவேளையிலேயே உடுப்பு மாற்றும் அறைக்குள் போய், துவாயைச் சுற்றி, ‘வணக்கம், நான் ஒரு வைத்தியர்’ என்று தொடங்கினேன். இரண்டு கூட்டாளிகள் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அவர்களைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அடக்கி அடக்கிப் பேசினேன். அதனால்தான் குரல் நடுங்கியது.

அடுத்தநாள் தேநீருக்கு அவருக்கு இதைப் போட்டுக் காட்டுவது, அவர் படம் கீறத் தொடங்கியதும் நான் துவாயோடு முன்னால் வந்து நிற்பது, இதுதான் திட்டம். அடுத்தநாள் எனக்குக் காய்ச்சல். வேலைக்குப் போகவில்லை. நான் முதல்நாளே கூட்டாளிகளுக்கு அனுப்பியிருந்தேன்; அவர்கள் ஆவல் தாங்காமல் நான் இல்லாமலே போட்டுக் காட்டிவிட்டார்கள். அவர் படம் ஒன்றும் கீறவில்லையாம். இரண்டுமுறை கேட்டாராம். எனக்கும் அனுப்பிவிடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு, தாடி வலையைப் போட்டுக்கொண்டு பட்டிக்குப் போய்விட்டாராம். அந்த முகத்தைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல இருவருக்கும் வாய் வரவில்லை. நான் வந்து சொல்வேன் என்று விட்டுவிட்டார்கள். அவர்கள் சொல்லியிருப்பார்கள் என்று நான் விட்டுவிட்டேன்.

அவர்கள் சொல்லவில்லை என்பது மச்சாளின் குரல் பதிவு வந்த மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது. கன்ரீனில் அவர் என்னைக் கூப்பிட்டு இருத்தி, போனை மேசையில் வைத்தார். கனடாவிலிருந்து அவருடைய சித்தியின் மகள் அனுப்பியிருந்தாள். நோர்வேயிலிருந்து ஒருவர், பாரிசிலிருந்து ஒருவர், சிட்னியிலிருந்து ஒருவர். எல்லாவற்றிலும் நான்.

“நாலு நாட்டிலயிருந்து வந்திருக்கு தம்பி. ஆளையாள் தெரியாத சனம். நாலு பேரும் பேசிவைச்சுப் பொய் சொல்லுவினமோ?”

“ஒரே பொய் நாலு பேரிட்டையும் போயிருக்கலாம் அண்ணை.”

“அந்த டொக்டரிட குரலைக் கேட்டனீரோ? நடுங்குது. பயந்தவன் பொய் சொல்லமாட்டான்.”

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கவேண்டும். ஒரு வசனம் போதும். அது என் நாக்கு நுனியில் நின்றதை இப்போதும் உணர்கிறேன். கன்ரீனில் நிறையப் பேர் இருந்தார்கள், அவரை எல்லோருக்கும் முன்னால் ஏமாளியாக்கக் கூடாது என்று எனக்கு நானே ஒரு நல்ல காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் வேறு. என்னைப் பார்த்ததும் மலர்கிற ஒரு முகம் இனி மலராது என்ற பயம்தான். அதனால் வேறு வழியால் போனேன். இப்படியெல்லாம் வட்சப்பில் வருவது பெரும்பாலும் பொய், ஆஸ்பத்திரிக் கடிதம் ஆஸ்பத்திரிக் கடிதம்தான், சீல் எல்லாம் இருக்கிறதே என்றேன்.

அவர் தன் பைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அதற்குள் பழுத்துப்போன ஒரு தாள். மடிப்புகளில் கிழிந்து, ஒட்டி, மறுபடி கிழிந்தது. ஊரில் ஒரு இராணுவ முகாமிலிருந்து வந்த கடிதம். நீர் குறிப்பிடும் பெயருடைய எவரும் எம்மால் கைது செய்யப்படவில்லை என்று இருந்தது.

“என்ரை தம்பி,” என்றார். “பத்தொன்பது வயசு. ஏத்திக்கொண்டு போனதைச் சந்தியில முப்பது பேர் பார்த்தவை. இதுவும் நல்ல கடதாசிதான். சீல் இருக்கு. கையெழுத்து இருக்கு.”

அதற்கு எதிராகச் சொல்ல என்னிடம் எந்தத் தாளும் இல்லை. அவர் அதை மடித்து உள்ளே வைத்தார். ஆஸ்பத்திரிக் கடிதமும் அதே உறைக்குள் போனது. அடுத்த வருடம் வந்த கடிதமும் அதற்குள் போயிருக்கவேண்டும். அதற்கடுத்த வருடத்ததும்.

நான் அதைப் பார்க்கவில்லை. அதற்குள் கிச்சனை விட்டுவிட்டு டெலிவரி வான் ஓட்டப் போய்விட்டேன். ஒரே ஊருக்குள்தான் இருந்தோம். போய்ப் பார்க்க நினைக்கும்போதெல்லாம் ஏதோ ஒரு வேலை வந்தது. வேலை சும்மா வருவதில்லை, நானே வரவழைத்துக்கொண்டேன்.

முடிவை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொல்ல எனக்குத் துணிவு காணாது. போன வருடம் தேருக்கு ஆர்ச்வேயில் இருக்கும் முருகன் கோயிலுக்குப் போயிருந்தேன். சனத்துக்குள் அவரைக் கண்டேன். மனைவியின் தோளில் ஒரு கை. மற்றக் கையை நெஞ்சில் வைத்திருந்தார். சாமி எங்கள் வலப்பக்கத்தால் வந்துகொண்டிருந்தது. மேளச் சத்தம் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பியதில் ஏமாந்து, அவர் சுவரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். மனைவி அவருடைய தோளைப் பிடித்து மெல்லத் திருப்பினார். நான் ஒரு குண்டு மனிதருக்குப் பின்னால் மறைந்துகொண்டேன். யாருடைய கண்ணுக்குப் படாமல் மறைந்தேன் என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னைக் கேட்டேன்.

ஆனால் அதற்கு ஒரு வருடம் முன்னர் ஒரு சந்தர்ப்பம் கிடைத்திருந்தது. அதைத்தான் மறக்க முடியவில்லை.

அவருடைய மனைவி எனக்குப் போன் எடுத்தார். நான் அக்கா என்று கூப்பிடுகிறவர். வலது கண் போய்விட்டது, இடதும் மங்கிக்கொண்டு வருகிறது என்றார். உடனே ஊசி போட்டு லேசர் அடித்தால் இடதைக் காப்பாற்றலாம் என்று டொக்டர்மார் சொல்கிறார்களாம். அவர் போகமாட்டேன் என்கிறாராம். பிள்ளைகள் இங்கிலீசில் சண்டை பிடித்துக் களைத்துவிட்டார்கள். உங்களோடுதான் அவர் வாய்விட்டுச் சிரிக்கிறவர், நீங்கள் வந்து சொல்லுங்கள் என்றார்.

சனிக்கிழமை பின்னேரம் போனேன். முன்னறையில் அவர்களுடைய கலியாணப் படம் தொங்கியது. முன்னரும் பார்த்த படம்தான். மாப்பிள்ளை தலைப்பாகையும் மாலையும் தாடியுமாக நிற்பார். எங்கள் ஆட்களில் தாடியோடு தாலி கட்டியவரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. முதல்முறை பார்த்தபோது, யாரோ ஒருத்தி ஏமாற்றிவிட்டுப் போன சோகத்திலா அக்காவைக் கட்டினீர்கள் என்று கேட்டுச் சிரித்தவன் நான்.

அவர் உள்ளே இருந்தார். அக்கா என்னைக் குசினியில் மறித்துத் தேநீர் தந்தார். எப்படியும் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தவர், என் கண் கலியாணப் படத்துக்குப் போனதைக் கண்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். கலியாணத்துக்கு முதல்நாள் காலை, மாப்பிள்ளை முகம் வழிக்கப் பிளேட் இல்லை. தம்பியைக் கூப்பிட்டுக் கடைக்கு அனுப்பியிருக்கிறார். கடை ஐந்து நிமிட தூரம். சந்தியில் அன்றைக்கென்று ஆமியின் சுற்றிவளைப்பு. பிளேட் வாங்கப் போன பிள்ளை திரும்பி வரவில்லை. கலியாணம் மூன்று மாதம் கழித்து, சத்தமில்லாமல் நடந்தது.

“ஆரோ காட்டிக் குடுத்தவன் எண்டு இண்டைக்கும் தேடுறார் தம்பி. எத்தினை வட்டம், எத்தினை கோடு கீறியிருப்பார். நான் ஒண்டும் சொல்லுறேல்லை. காட்டிக் குடுத்ததெண்டால் குற்றம் அவன்ரை. சும்மா நடந்ததெண்டால், கடைக்கு அனுப்பினது ஆர்?”

தேநீர்க் கோப்பையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

ஜன்னலோரம் கதிரையில் இருந்தார். மெலிந்திருந்தார். தாடி நரைத்து, கத்தரிக்கோல் போன இடம் மேடும் பள்ளமுமாக இருந்தது. வெட்டிவிட்டது அக்காவாக இருக்கவேண்டும். மடியில் அன்று வந்த ஆஸ்பத்திரிக் கடிதம். என் குரலைக் கேட்டதும் அதே மலர்ச்சி. “பட்டர்,” என்றார். பட்டியில் கூப்பிட்டது போலவே.

கொஞ்ச நேரம் பழைய கதைகள் பேசினோம். சுப்பர்வைசர் கடைசிவரையும் டோஸ்ட் சும்மாதான் கருகியது என்று சொன்னதாகச் சொல்லிச் சிரித்தார். பேசிக்கொண்டே கடிதத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். பின்பக்கத்தைத் திருப்பினார். எழுத்து எதுவும் அவருக்குத் தெரியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. கை பழக்கத்தில் செய்தது.

அப்போதுதான் சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். அந்த டொக்டர் நான்தான். உடுப்பு மாற்றும் அறை, துவாய், அடுத்தநாள் காய்ச்சல், எல்லாம் சொன்னேன். கண்ணைப் படம் எடுத்து எந்த எயார்போட்டுக்கும் அனுப்புவதில்லை, அது என் வாயில் வந்த கதை. குரல் நடுங்கியது பயத்தால் அல்ல, சிரிப்பை அடக்கியதால். மற்றக் கண்ணையாவது கொண்டுபோய்க் காட்டுங்கள் அண்ணை, நானே வானில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன்.

அவர் கடிதத்தை மெல்ல மடித்தார். மடிப்பு மயிரளவும் பிசகவில்லை.

“ஆர் சொல்லித் தந்தது?”

“ஒருத்தரும் இல்லை அண்ணை.”

“பின்னால ஆர் நிண்டது?”

“ஒருத்தரும் நிக்கேல்லை. சும்மா. பகிடிக்கு.”

அவர் தலையை அசைத்தார், ஒரு குழந்தை சொல்லும் பொய்யைக் கேட்பது போல. என்னிடம் ஆதாரம் ஒன்றும் இருக்கவில்லை. அந்தப் பழைய போன் எப்போதோ உடைந்துவிட்டது. வேறு வழியில்லாமல் வாசலில் நின்ற அக்காவுக்கும் கேட்கும்படி, துவாய் இல்லாமல், அந்தக் குரலிலேயே தொடங்கினேன். வணக்கம், நான் ஒரு வைத்தியர். பெயர் சொல்ல முடியாத நிலையில் இருக்கிறேன். நீரிழிவு உள்ளவர்களின் கண்ணை. அதற்குமேல் போக முடியவில்லை. நடுக்கம் மட்டும் அச்சொட்டாக வந்தது. இந்தமுறை அடக்கியது சிரிப்பில்லை.

அவர் கவனமாகக் கேட்டார். நல்ல கண் ஜன்னலின் பக்கம் இருந்தது. கை காற்றில் கொஞ்சம் தேடி, என் முழங்காலைக் கண்டுபிடித்து, இரண்டுமுறை தட்டியது.

“தம்பி, உமக்கு அவ்வளவு மூளை இல்லை.”